வரவு, செலவு, வெள்ளம்

மலேசியாவில் ஒரு தொழிற்சாலை தன் அபாயக் கழிவை 180 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அதற்கு முன்பே 20 டன் சேர்ந்துவிட்டால் உடனே அனுப்பியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டு வந்த அட்டவணைக் கழிவு விதிமுறை அப்படிச் சொல்கிறது. பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் ஸ்டோரில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த இரண்டு எண்களும் என்னைத் துரத்திக்கொண்டே இருந்தன. எந்த டிரம் எந்தத் தேதியில் மூடப்பட்டது, அதற்குள் என்ன, யார் லாரியில் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. எஸ்.டபிள்யூ. 204 என்றால் உலோகம் கலந்த சேறு, 305 என்றால் பழைய மசகு எண்ணெய், 410 என்றால் ரசாயனம் பட்ட துணியும் கையுறையும். மளிகைப் பட்டியலைப்போல இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

கழிவுப் புத்தகம் என்னிடம் இருந்தது. கொள்முதல் புத்தகம் மாடியில் கணக்குப் பிரிவில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இன்ஜினியர் பையன்தான் ஒருநாள் வந்து கேட்டான்: "அக்கா, வாங்குற சால்வென்ட் எவ்வளவு, டிரம்முல திரும்பி வர்றது எவ்வளவு? ரெண்டையும் ஒரே தாள்ல போட்டுப் பாப்போமா?"

போட்டோம். சுத்தம் செய்ய வாங்கிய ஆல்கஹாலில் டிரம்முக்குத் திரும்பி வந்தது கொஞ்சம்தான். விற்ற பொருளோடு அது போகவில்லை. கொஞ்சம் துணியில் ஊறி 410 ஆகியிருந்தது. மிச்சம்? மூடி இல்லாத தட்டுகளிலிருந்து ஆவியாகி, நாங்கள் மூச்சு விட்ட காற்றில் கலந்து, புகைபோக்கி வழியாக ஊருக்குள் போயிருந்தது. வெள்ளி கொடுத்து வாங்கியதை முதலாளி காற்றில் விட்டுக்கொண்டிருந்தார். தட்டுகளுக்கு மூடி போட்டதும் மறு வருடக் கொள்முதல் குறைந்தது. சுற்றுச்சூழல் பிரசாரம், சுவரொட்டி, உறுதிமொழி எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. வேலை செய்தது ஒரு கழித்தல் கணக்கு.

அறிஞர்கள் இதைப் பொருள் ஓட்டக் கணக்கு என்கிறார்கள். அதன் அடிப்படை மிக எளிது. உள்ளே வந்த எடை, வெளியே போன எடையோடு உள்ளே தங்கிய எடையையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாகவில்லையென்றால் ஏதோ ஒன்று நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ பல ஆண்டுகள் தராசில் தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, தான் உண்டதையும் கழித்ததையும் நிறுத்துப் பார்த்து, உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவோ ஆவியாகிறது என்று 1614-இல் எழுதினார். 1965-இல் ஏபெல் வோல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதே தராசில் ஒரு நகரத்தையே ஏற்றினார். 10 லட்சம் பேர் வாழும் கற்பனையான அமெரிக்க நகரம் அது. நாளொன்றுக்கு 6,25,000 டன் தண்ணீரும், 9,500 டன் எரிபொருளும், 2,000 டன் உணவும் உள்ளே போகின்றன. 5,00,000 டன் கழிவுநீரும் 2,000 டன் குப்பையும் 950 டன் புகைமாசும் வெளியே வருகின்றன. நகரத்துக்கும் வயிறு உண்டு என்பது அன்றைக்குப் புதிய செய்தி.

பிறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஜுருவுக்கு அது பழைய செய்தி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஜுரு என்றால் டோல் சாவடி. வாரக் கடைசியில் வருகிறவர்களுக்கு ஆட்டோ சிட்டி. இங்கேயே இருப்பவர்களுக்கு ஒரு தோட்டத்துப் பேர், அந்தப் பேரைத் தாங்கிய ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் ஆறு. புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து வரும் சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு, பன்றிப் பண்ணை, தொழிற்சாலை, வீட்டுச் சாக்கடை எல்லாவற்றின் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, கோல ஜுருவில் கடலைத் தொடுகிறது சுங்கை ஜுரு. நாட்டின் மோசமான ஆறுகளின் பட்டியலில் பல வருடம் இடம்பிடித்த ஆறு.

பிறையில் தொழிற்சாலைகள் வந்தபோது என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு முதலில் தெரிந்தது கோல ஜுரு மலாய் மீனவர்களின் வலையில்தான். 1970-களில் மீனும் நண்டும் சிப்பியும் குறைந்துபோயின. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்று, நடந்ததை எல்லாம் பதிவு செய்து, 1976-இல் கோல ஜுருவின் உயிர்ப் போராட்டம் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டது. சங்கத்தைப் பல பத்தாண்டு வழிநடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்தவர். 2019 மே மாதம் மறைந்தார். கிராமத்து மக்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்து, சேற்றுப் பரப்பில் கெராங் சிப்பி வளர்த்தார்கள். ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே ஆற்றுக்குள் என்ன கலக்கிறது என்று சொன்னவர்கள் அவர்கள். அந்தப் பெருமையை எந்தத் துறைக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, கணினிப் பதிவு இருக்கிறது. ஆனால் சீட்டு ஒட்டப்பட்ட டிரம்மை மட்டும்தான் சீட்டு காட்டும். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் யாரோ சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலும் வாந்தியுமாகச் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. அப்படிக் கொட்டப்படுவது எந்தப் புத்தகத்திலும் வராது. கொள்முதலையும் கழிவையும் ஒரே தாளில் போட்டால் மட்டுமே அது இடைவெளியாகக் கண்ணில் படும். கழிவை மட்டும் கண்காணிக்கும் அதிகாரி வந்த டிரம்மை எண்ணுவார். வராத டிரம்மை எண்ண அவருக்குக் கொள்முதல் கணக்கு வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருவதும் இந்தக் கணக்கில் சேரும். 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை மூடியதும் அந்த ஓட்டம் மலேசியாவின் பக்கம் திரும்பியது. 2020 ஜனவரியில் அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வொர்த்தில் நின்று, 150 கொள்கலன்களில் 3,737 டன் பிளாஸ்டிக் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தார். பிரான்சும் பிரிட்டனும் தலா நாற்பதுக்கு மேற்பட்ட கொள்கலன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டன. ஒரு தடவையாவது குப்பை வந்த வழியே போனதைப் பார்த்ததில் எங்களுக்கெல்லாம் ஒரு திருப்தி.

இதுவரை சொன்னது வெயில் நாளின் கணக்கு. இனி மழைக்கு வருகிறேன்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஒரு நாளுக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏழு பேர் இறந்தார்கள். முதல்வர் நள்ளிரவுக்குப் பின் ராணுவத்தின் உதவியைக் கேட்டார். 300 மில்லிமீட்டர் என்று வானொலியில் கேட்கும்போது அது ஒரு ஸ்கேல் நீளமாகத்தான் மனதில் பதிகிறது. அதை எடையாக மாற்றிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வீட்டின் மேல் அன்று விழுந்தது 30 டன். ஒரு ஹெக்டேர் கூரையுள்ள தொழிற்சாலையின் மேல் 3,000 டன். 20 டன் கழிவு சேர்ந்தால் அனுப்பு என்று விதி வைத்திருக்கும் அதே வளாகத்துக்குள் ஒரே நாளில் 3,000 டன் தண்ணீர் இறங்குகிறது.

கடல் பொங்கும் நேரமாக இருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. இங்கே ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். கரையோர மதகை மூடினால் மழைநீர் உள்ளே நிற்கும். திறந்தால் கடல் உள்ளே வரும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். கடல் மட்டமும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக, பெருமழையும் கடல் பெருக்கும் ஒரே நேரத்தில் வரும் நாட்கள் இனி அதிகமாகும் என்று எதிர்பார்ப்பதுதான் புத்தி.

பொருள் கணக்கில் "இருப்பு" என்று ஒரு பத்தி உண்டு. டிரம், எண்ணெய்த் தொட்டி, சேறு நிற்கும் குளம், பழைய இரும்புக் கடையில் குவிந்த கணினிப் பலகை எல்லாம் அதில் வரும். வெள்ளம் வரும் நாளில் அந்த இருப்பு ஓட்டமாகிவிடுகிறது. இதை எங்களைவிட வடசென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியில் சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளநீரோடு சேர்ந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் பரவியது. ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. படகும் வலையும் கருத்துப்போன எண்ணூர் மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கோல ஜுருதான் நினைவுக்கு வந்தது. ஐம்பது வருடம், ஒரு வங்கக் கடல் தள்ளி, அதே மீனவன்.

அந்த எண்ணெய் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அது அங்கே இருப்பது தெரியும், மழை பெய்யும் என்பதும் தெரியும். இரண்டும் தனித்தனிக் கோப்பில் இருந்தன, அவ்வளவே. இங்கேயும் அப்படித்தான். கழிவுச் சீட்டு சுற்றுச்சூழல் துறையின் கையில், மழைநீர் வழிகாட்டி வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையில், கட்டட வரைபடம் மாநகர் மன்றத்தின் கையில். கழிவுக் கிடங்கின் தரை, 2017 வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலா கீழா என்பது மூன்று துறைக்கும் நடுவில் விழுந்துவிடும் கேள்வி. என் ஸ்டோரில் டிரம்களை மேல் தட்டுக்கு ஏற்றச் சொல்லி நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "அதுக்கு ஃபோர்க்லிஃப்ட் நேரம் போகும் அக்கா" என்பதுதான் கிடைத்த பதில்.

சேதம் ஏழைக்கு மட்டும் வராது என்பதையும் முதலாளிகள் காதில் போட வேண்டும். 2011-இல் தாய்லாந்தின் தொழிற்பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. அந்தத் தொழிலில் இருந்த பினாங்குக்காரர்களுக்கு அது கதை அல்ல.

பினாங்கில் நல்ல முயற்சியே இல்லையென்று சொல்ல மாட்டேன். இலவச பிளாஸ்டிக் பை 2011-இலேயே நிறுத்தப்பட்டது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் திட்டம் 2016-இல் வந்தது. இயற்கை வழியில் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் திட்டம் ஒன்றுக்கு ஐ.நா.வோடு தொடர்புடைய தகவமைப்பு நிதியம் 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியிருக்கிறது, ஐ.நா. வாழ்விட அமைப்பும் திங்க் சிட்டியும் அதை நடத்துகின்றன. மரம் நடுவது, நீரை உறிஞ்சும் பசுமைப் பகுதி அமைப்பது என்று வேலைகள். ஆனால் அது தீவுக்கான திட்டம்: ஜார்ஜ்டவுன், பாயான் லெப்பாஸ். பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. தீவின் குப்பையோ கடல் தாண்டி எங்கள் கரைக்கு வந்து, நிபோங் திபால் அருகே பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் சேர்கிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது இருமியது அக்கம்பக்கத்துக் கிராமங்கள். பொருள் போகும் திசையும் பணம் போகும் திசையும் வேறு வேறாக இருப்பதைத் தீவுக்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்ளாமல் யோசிக்க வேண்டும்.

ஜுரு, சிம்பாங் அம்பாட், பத்து காவான் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பெரும்பாலும் தோட்டம் மூடியதும் தாமான் வீடுகளுக்கு வந்தவர்கள். அந்தத் தாமான்களில் பல தாழ்வான நிலத்தில், தொழிற்சாலைகளை ஒட்டி இருக்கின்றன. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். பெரிய தொழில் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைகளும் பார்வைக்கு வருகின்றன. குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போய்ப் பாருங்கள். இந்த மனையில் என்ன பொருள், எத்தனை டன் இருப்பாக வைக்கப்படும்? அந்தக் கிடங்கின் தரை 2017 வெள்ளக் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது? இந்த இரண்டு கேள்வியையும் வாயால் கேட்டு நிறுத்தாதீர்கள். ஆட்சேபமாக எழுதி, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்து, முத்திரை குத்திய நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.