ஆள் குறைந்ததால் களமிறங்கிய கிராந்தி

கடந்த 2025 அக்டோபர் 5. கொழும்பில் மகளிர் உலகக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக 10 ஓவர் வீசி, 20 ரன் மட்டுமே கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகி ஆனார் கிராந்தி கவுட். வயது 22. மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டம், குவாரா என்ற சிற்றூரைச் சேர்ந்த கோண்டு பழங்குடிப் பெண். தொடர் முடிவதற்குள் 9 விக்கெட். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியபோது அவரும் அந்த அணியில் இருந்தார்.

அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வீட்டை ஒட்டிய மைதானத்தில் பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். உள்ளூரில் நடந்த ஒரு பெண்கள் போட்டியில் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது. ‘ஆடுகிறாயா?’ என்று கேட்டார்கள், ஆடினார். லெதர் பந்தைத் தொட்டது அன்றைக்குத்தான். பிறகு சத்தர்பூரில் ராஜீவ் பில்தரே கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுத்தார். தந்தையின் காவலர் வேலை போய் வீடு தடுமாறியபோது அம்மா நகையை விற்றுச் செலவுக்குக் கொடுத்தார். மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் உ.பி. வாரியர்ஸ் அவரை எடுத்த தொகை 10 லட்சம் ரூபாய். அடுத்த ஜூலையிலேயே இங்கிலாந்து மண்ணில் ஒரே ஆட்டத்தில் 6 விக்கெட்.

அன்று அந்த அணியில் பதினொரு பேரும் இருந்திருந்தால்? திறமை இருந்தும் யாரும் கூப்பிடாமல் போன பிள்ளைகளை நமக்கு நன்றாகவே தெரியும்.

கூப்பிட்ட பிறகும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. புனேயில் மைதானப் பணியாளராக இருந்து பந்துவீச்சாளராக உயர்ந்த தலித் வீரர் பல்வாங்கர் பாலு, 1911 இங்கிலாந்து பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவருக்குத் தேநீர் வெளியே, தனியாக, மண்குவளையில்தான் தந்தார்கள். பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது!

திருப்புலிவனத்துக்கு வருவோம். தண்ணீர் வற்றினால் ஏரிதான் நம் பிள்ளைகளுக்கு மைதானம். ஊர்ப் பையன்கள், காலனிப் பையன்கள் என்று தனித்தனி அணி கட்டும் வழக்கம் பல கிராமங்களில் இன்னும் போகவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தனி அணியும் கிடையாது. பள்ளி விட்டதும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் காத்திருக்கும்.

தமிழக அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை அறிவித்தது. கிரிக்கெட் மட்டை, பந்து எல்லாம் அதில் உண்டு. அது ஊராட்சியின் பொதுச் சொத்து. காலனிப் பெண்ணுக்கும் அதில் உரிமை இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், யாரெல்லாம் எடுத்து ஆடுகிறார்கள்? அடுத்த கிராம சபையில் மாணவிகளே எழுந்து கேட்கலாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்குப் பதிவு எப்போது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். பள்ளியில் அணி இல்லை என்றால், உடற்கல்வி ஆசிரியரிடம் பதினொரு பெயரை எழுதிக் கொடுங்கள்.