மூச்சைக் கொடுக்கும் கூட்டம்



அர்ஜென்டினா, உருகுவாய் நாடுகளில் ஒரு கால்பந்து அணியின் ரசிகர் அனைவரையும் சேர்த்து 'இன்ச்சாதா' என்பார்கள். தனி ரசிகர் 'இன்ச்சா'. ஊதுதல், வீங்குதல் என்று பொருள்படும் ஸ்பானிய வினைச்சொல்லே இதன் வேர்.

இச்சொல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொந்தேவீதியோ நகரில் பிறந்ததாகச் சொல்வார்கள். நாசியோனால் அணியில் பந்துகளுக்குக் காற்று ஊதும் வேலை பார்த்தவர் புருதென்சியோ மிகேல் ரேயஸ் என்ற தோல் தொழிலாளி. ஆட்டம் தொடங்கியதும் எல்லைக்கோட்டோரம் நின்று தம் அணிக்காக உரக்கக் குரல் கொடுப்பார். 'ஊதுகிறவர்' என்ற அவருடைய பெயரே ரசிகர் அனைவருக்கும் பெயராயிற்று.

அதே சொல்லுக்குப் பகை என்ற பொருளும் ஸ்பானிய மொழியில் உண்டு. அர்ஜென்டினாவில் ரசிகர் வன்முறை முற்றியதால், 2013 முதல் பல ஆண்டுகள் எதிரணி ரசிகர்கள் அரங்குகளுக்குள் அனுமதிக்கப்படவில்லை. பிறருக்கு ஊக்கம் ஊத வந்தவர்கள் தாங்களே செருக்கால் வீங்கிவிட்டால் இதுதான் நடக்கும். அன்பில்லாத அறிவும் அப்படியே வீங்க வைக்கும் என்று பவுலடியார் கொரிந்தியரை எச்சரிக்கிறார்.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் புவனோஸ் அயர்ஸ் நகரின் சான் லொரென்சோ அணிக்கு 'இன்ச்சா'. தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்கு லொரென்சோ மாஸ்ஸா என்ற சலேசிய குரு ஆலய வளாகத்தைத் திறந்துவிட, 1908-இல் உருவான அணி அது. 1990-இல் அன்னை மரியாவுக்கு அளித்த வாக்கின்படி திருத்தந்தை தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டார். ஆட்ட முடிவுகளை சுவிஸ் காவலர் ஒருவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தார். கண்ணால் காணாமலும் ஓர் அணியோடு நிற்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

நாம் எப்படி நிற்கிறோம்? திருவிழாவில் அன்பியங்களுக்குப் போட்டி வைக்கிறோம். பரிசு போனதும், அடுத்த ஞாயிறு முகம் திருப்பிக்கொள்கிறோம். வாசகத்தில் தடுமாறும் சிறுமியைப் பார்த்துச் சிரிக்கிறோம். குடியை விட முயல்பவர் மீண்டும் விழுந்தால், "தெரிந்த கதைதானே" என்கிறோம்.

ஆதியில் மண்ணுக்கு உயிர்மூச்சை ஊதியவர் நம் கடவுள். உயிர்த்த ஆண்டவரும், அஞ்சிக் கதவடைத்திருந்த சீடர்மேல் ஊதித் தூய ஆவியை அளித்தார். அந்த மூச்சைப் பெற்ற நாம் அதைப் பிறருக்குக் கொடுக்கவே கூடுகிறோம். காற்றிறங்கிய பந்தாய்ச் சோர்ந்திருக்கும் ஒருவரை இந்த வாரம் தேடிச்சென்று, அவர் பக்கம் நிற்போம். ஆமென்.