பொருநைக் கரையின் ஆயுத வித்தை

பொருநை என்னும் தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், பிற்பாடு அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் வெளிப்பட்டன என்பதை அறிந்தவர்கள், நெல்லைச் சீமையின் ஆயுத வித்தையை நேற்று முளைத்த ஒன்றாகக் கருதமாட்டார்கள்.

அந்த வித்தைக்கு நேர்ந்த பெரிய விபத்து 1801-இல் வந்தது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னும் அடங்காமல், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பி நடத்திய போர் முடிந்து, அவரும் தூக்கிலேற்றப்பட்ட பிறகு, அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் கிளைவ் பிரபு பிறப்பித்த பிரகடனம், பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கவும் செய்தது. அந்தப் போரில் கும்பினியார் தரப்பில் நின்ற வெல்ஷ் என்ற அதிகாரியே, வேல் எறியவும் வளரி என்னும் எறிகோலை வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் எதிர்த்தரப்பில் நின்ற சின்ன மருது என்று 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். குருவைத் தூக்கிலிட்ட படையிலே சிஷ்யனும் இருந்தான் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

இதுபோன்ற ஆயுதத் தடை ஜப்பானிலும் உண்டு; அந்நாட்டை ஆண்ட ஹிதேயோஷி 1588-இல் குடியானவர்களின் வாள்களைப் பறித்தார். 1876-இல் மெய்ஜி அரசாங்கம் சாமுராய்கள் வாள் தரித்து நடமாடுவதையே விலக்கியது. ஆயினும் அங்கே வாள்வித்தை, மூங்கில் வாளைக் கொண்டு பயிலும் கெண்டோவாகப் பள்ளிக்கூடம் வரையில் சென்றது. ஓகினாவாத் தீவாரின் ஆறடிக் கம்பு இன்று உலகமெங்கும் சுழல்கிறது. நம்முடைய கம்பு வித்தையான சிலம்பமும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

கம்பு எளிய பொருள்தான். முற்றிய மூங்கிலையோ பிரம்பையோ நிழலில் உலர்த்தி, அனலில் வாட்டிக் கோணல் நிமிர்த்தி, எண்ணெய் ஏற்றி, நிற்பவன் நெற்றியளவுக்கு நறுக்கி, நுனி பிளக்காதிருக்கப் பூண் போடுவார்கள். ஆனால் கையில் கம்பு சுழலுமுன் வாத்தியார் சோதிப்பது காலைத்தான். சுவடு என்னும் காலடி வைப்பு பிசகினால் வீச்சு எவ்வளவு வேகமாயிருந்தும் பயனில்லை. வேலுக்கும் வாளுக்கும் சுருள்வாளுக்கும் அந்தச் சுவடே அஸ்திவாரமாகையால், கம்பு பழகியவன் பிற ஆயுதங்களுக்கும் பாதி வித்தையைக் கற்றுவிட்டான் என்றே கொள்ளலாம்.

இவ்வித்தையின் ஆயுதங்களில் என்னை மிகவும் கவர்வது மான்கொம்பு. இரண்டு வெளிமான் கொம்புகளின் அடிப்பகுதிகளை எதிரெதிராகச் சேர்த்துக் கட்ட, கூர்முனைகள் இருபுறமும் நீண்டு நிற்கும். முனைக்கு உலோகக் குப்பி இடுவதுண்டு. முறுக்கேறிய கொம்பின் வரிகள் வியர்த்த கையிலும் வழுக்காமல் பிடி தரும். எதிரியின் அடியை ஒரு முனையால் தள்ளி, அதே அசைவில் மறுமுனையால் குத்தலாம். தற்காப்பும் தாக்குதலும் இப்படி ஒரே பிடிக்குள் அடங்கிய ஆயுதம் வேறு அதிகமில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வெளிமானை வேட்டையாடவோ அதன் கொம்பை விற்கவோ கூடாது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், வல்லநாட்டுக் குன்றில் அந்த மான்களுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. மரத்திலும் உலோகத்திலும் கொம்பின் வடிவம் செய்து பழகினால் வித்தைக்கு யாதொரு குறைவும் நேராது. ஆனால் மான்கொம்புக்குரிய பிடிவகைகளையும் வெட்டுவகைகளையும் முழுதும் அறிந்த முதிய ஆசான்கள் சொல்லச் சொல்லப் படத்தோடு எழுதிவைக்கும் காரியத்தை நம் பல்கலைக்கழகங்கள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.