கறுத்த திரையில் ஒரு வெள்ளைக் கட்டம்

தொண்ணூறுகளில் எங்கள் தஞ்சோங் காராங் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் மைக்ரோ ஜீனியஸ்தான். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் தைவான் நகல் அது. அசல் கருவியைத் தோட்டத்து வீடுகளில் யார் கண்டார்கள்? பசார் மாலாமில் அப்பா பேரம் பேசி வாங்கித் தந்த ஒரு கேசட் போதும், பள்ளி விடுமுறை போவதே தெரியாது.

ஃபேமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். அதில் மேகமும் புதரும் ஒரே உருவம்தான், நிறம் மட்டும் வேறு. அந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

வாத்து சுடும் டக் ஹண்ட் விளையாட்டின் துப்பாக்கியில் உள்ள சூட்சுமம் இன்னும் அருமை. அதிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அதைக் கண்டால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டிவி தாமதமில்லாமல் படம் காட்டியதால்தான் இது நடந்தது. இன்றைய தட்டை டிவி சற்றுப் பிந்திக் காட்டுகிறது. அதன் முன்னால் அந்தத் துப்பாக்கிக்குக் கண் தெரியாது.

பழைய கருவிகளைச் சேர்ப்பவர்களே, அந்தக் கனத்த டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேசட் முனைகளை வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் அரித்துவிடும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.