மனசு பட்ட அடி மாதவிடாயிலும் தெரியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. இப்படி ஒரு பேரிடர் வந்தால் வீடு, படகு, உப்பளம் என்று சேதத்தைக் கணக்கெடுக்கிறோம். "அந்த மழைக்கப்புறம் எனக்குத் தேதியே தப்பிப்போச்சு" என்று ஒரு பெண் சொன்னால், அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தாலே கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை தூக்கமில்லாத கீழவைப்பார் போன்ற ஊர்ப் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏன் தள்ளிப்போகிறது?

மாதவிடாய்க்கான கட்டளை மூளையில் உள்ள ஹைப்போதலாமஸில் தொடங்கி, பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பைக்குப் போகிறது. பயம், இழப்பு, வீட்டு வன்முறை என்று மனசு அடிபடும்போது கார்டிசால் ஹார்மோன் கூடுகிறது. இது நாள்கணக்கில் நீடித்தால் அந்தக் கட்டளை தடுமாறும். மாதவிடாய் தள்ளிப்போகலாம், சில மாதங்கள் நின்றும் போகலாம். இதற்குக் காத்து கருப்பு காரணமில்லை.

மறுபக்கமும் உண்டு

ஏற்கெனவே மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்களுக்கு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அது கூடலாம். அதிக ரத்தப்போக்கால் வரும் ரத்தசோகையின் அசதி, மனச்சோர்வு போலவே தெரியும். சில மனநல மருந்துகளாலும் மாதவிடாய் நிற்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார்.

என்ன செய்யலாம்?

● வீட்டுக் காலண்டரில் மாதவிடாய்த் தேதியோடு அன்றைய மனநிலையையும் குறித்து வையுங்கள். இரண்டு மாதக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

● தேதி தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். மூன்று மாதம் வராவிட்டாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

● மனசு தாங்கவில்லையா? 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வீட்டு வன்முறைக்கு 181.

மருத்துவர் "கடைசியா எப்போ குளிச்சீங்க?" என்று கேட்டால் தேதியோடு நிறுத்த வேண்டாம். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரியான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.