வயிற்றைத் திறவாமல் புற்றை உரித்தெடுத்தல்

இரைப்பைப் புற்றுநோய் சளிச்சவ்வின் எல்லைக்குள் அடங்கியிருக்கும் நிலையிலேயே கண்டறியப்படுமானால், வயிற்றைத் திறவாமலும் இரைப்பையை இழக்காமலும் நோயாளியைக் குணப்படுத்த இயலும். 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருப்பெற்ற அகநோக்கிவழி உரித்தெடுப்பு முறை இதற்கு வழிகோலிற்று. கம்பிச் சுருக்கிட்டு அறுக்கும் முந்தைய முறையில், 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி பெரும்பாலும் துண்டு துண்டாகவே வெளிவரும். துண்டுகளைக் கொண்டு நோயின் ஆழத்தையும் விளிம்பின் தூய்மையையும் நோய்க்குறியியல் வல்லுநர் உறுதியாகக் கூற முடியாது.

புதிய முறையில், சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள தளர்ந்த படலத்தில் உப்புநீர் போன்ற திரவத்தைச் செலுத்திக் கட்டியை மேடாக்குவர். சுற்றிலும் கீறி, பின்னர் மின்கத்தியால் அப்படலத்தை அறுத்துச் செல்வர். இங்கேதான் இடர்ப்பாடு. திறந்த அறுவையில் ஒரு கை திசுவைத் தூக்கிப் பிடிக்க, மறு கை அறுக்கும். அகநோக்கியிலோ இருப்பது ஒரு கையே. பாதி உரிந்த சளிச்சவ்வு கத்தியின் முன் சரிந்து விழுந்தால், இரத்தக் குழாயும் தசைப்படலமும் கண்ணுக்குத் தெரியாமற் போகும்; குடற்சுவரில் துளை விழும் அபாயமும் மிகும்.

நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, புவியீர்ப்பையே துணை கொள்வது எளிய வழி. அடுத்தது, பல்லிடுக்கு நூலைக் கட்டிய சிறு கிளிப்பைச் சளிச்சவ்வின் விளிம்பில் பொருத்தி, நூலை வாய்வழியே மெல்ல இழுப்பது. செலவு மிகக் குறைந்த இந்த உத்தியை ஜப்பானியர் முறையாகச் சோதித்தனர். உணவுக்குழலில் சராசரி நேரம் 60.5 நிமிடத்திலிருந்து 44.5 நிமிடமாகக் குறைந்ததென 2020-இல் வெளியான முடிவு காட்டிற்று. இரைப்பையில் மொத்த நேரம் குறையவில்லை என்பது 2018-இல் வெளியான முடிவு. ஆயினும் துளை விழுதல் 2.2 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைந்தது. என் கருத்தில், நேரத்தைவிட இதுவே பெரிய ஆதாயம். பெருங்குடலின் உட்பகுதிக்கு நூல் எளிதில் எட்டாது. ஆகவே ரப்பர் வளையத்தை இரு கிளிப்புகளால் எதிர்ச்சுவரோடு பிணைப்பதுண்டு.

சுரங்க முறை வேறு வகையானது. கட்டியின் தொலைமுனையை முதலிலும் அண்மைமுனையைப் பின்னரும் கீறி, இரண்டுக்கும் இடையே அடிப்படலத்தில் சுரங்கம் அமைப்பர். பக்கவாட்டு விளிம்புகள் இறுதிவரை வெட்டப்படாததால் சளிச்சவ்வு விறைப்பாக நிற்கும். செலுத்திய திரவமும் கசியாது. உணவுக்குழலின் பெரிய கட்டிகளுக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால், குழலின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் உரித்தால் பின்னர் குழல் சுருங்கக்கூடும். அதைத் தடுக்க ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும்.

நம் நாட்டில் இரைப்பைப் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். எனவே இளம் மருத்துவர் கைபழகுவதற்குத் தக்க தொடக்கநிலை நோயாளிகள் கிடைப்பது அரிது. பன்றியின் இரைப்பையில் பயிற்சி பெற்ற பின்னரே, தேர்ந்தவர் மேற்பார்வையில் நோயாளியிடம் கத்தியை எடுக்க வேண்டும்.