ஒன்றரை வருஷத்தில் பிரிந்த ஜோடி, இன்னும் நிற்காத ராயல்டி

ஒரு பாட்டு ஹிட் ஆனா காசு யாருக்குப் போகும்? பாடினவங்களுக்கா, எழுதினவங்களுக்கா? இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் யாசூ என்ற இங்கிலாந்து சின்த்பாப் ஜோடி.

வின்ஸ் கிளார்க், டெபெஷ் மோட் குழுவுக்கு ஹிட் பாட்டுகள் எழுதியவர். 1981 கடைசியில் அதிலிருந்து விலகினார். ஆலிசன் மோயே, 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் குழு தேடி விளம்பரம் கொடுத்திருந்த பாடகி. கிளார்க்கிடம் ஒரு பாட்டு இருந்தது, டெமோவுக்குக் குரல் தேவைப்பட்டது. போன் போட்டார். அந்தப் பாட்டுதான் 'ஒன்லி யூ'. 1982-ல் பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடம். அடுத்து வந்த 'டோன்ட் கோ' 3-ஆம் இடம்.

அமெரிக்காவில் யாசூ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ரெக்கார்ட் கம்பெனி இருந்ததால், அங்கே 'யாஸ்' ஆனார்கள். பெயரை முன்னாடியே செக் பண்ணுங்கன்னு நான் கிளையன்ட்கிட்ட கத்துறது சும்மா இல்லைங்க!

1983-ல் இரண்டாவது ஆல்பம் 'யூ அண்ட் மீ போத்' முதலிடத்துக்குப் போனது. ஆனா அது கடைக்கு வரும்போதே ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு பாட்டில் ரெண்டு தனித்தனி சொத்து இருக்கு. ஒண்ணு, மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு. இன்னொண்ணு, ஸ்டூடியோவில் பதிவான ஒலிப்பதிவு. லெட்ஜரில் ரெண்டு தனி அக்கவுண்ட்னு வெச்சுக்கோங்க. ஒலிப்பதிவு வித்தா பாடினவங்களுக்கும் ராயல்டி உண்டு. ரேடியோவில் ஓடினா பிபிஎல் அமைப்பு வழியா அவங்களுக்கும் பங்கு வரும். படைப்பு அக்கவுண்ட்டில் வர்றது மட்டும் எழுதினவருக்கும் அவருடைய பப்ளிஷருக்கும்தான்.

வித்தியாசம் எங்கே கடிக்குது பாருங்க. 1983 டிசம்பரில் ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு, வாத்தியமே இல்லாம வெறும் குரலில் 'ஒன்லி யூ'வைப் பாடி, பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடத்தைப் பிடிச்சாங்க. யாசூவே தொடாத இடம் அது. அந்த ஒலிப்பதிவு வருமானம் புதுக் குழுவுக்கும் அவங்க கம்பெனிக்கும். படைப்பு வருமானம் கிளார்க் பக்கம். பாட்டை முதன்முதலில் ஊருக்குத் தெரிய வெச்ச குரல் மோயேயுடையது. இந்த விற்பனையில் அவருக்கு ஒரு பென்னி கிடையாது. 1997-ல் என்ரிக்கே இக்லேசியாஸ் அதை ஸ்பானிஷில் பாடினப்பவும் அதே கதைதான். நியாயமான்னு கேட்டா எனக்கே உறுத்தும். ஆனா சட்டப்படி சரி.

காலக்கெடுவும் வேற வேற. பிரிட்டிஷ் சட்டப்படி, 1982-ல் வெளியான ஒலிப்பதிவுக்கு உரிமை 2052 முடியும் வரை. படைப்புக்கோ, எழுதினவர் ஆயுசு முழுக்க, அதுக்கப்புறம் இன்னொரு 70 வருஷம்.

மோயே வெறும் பாடகின்னு நினைச்சுடாதீங்க. யாசூவின் கடைசி சிங்கிளான 'நோபடிஸ் டைரி' அவரே எழுதினது, 3-ஆம் இடம் வரை போனது. அதை நாளைக்கு யார் திரும்பப் பாடினாலும் படைப்புப் பங்கு அவர் கணக்கில்தான் ஏறும். 'சிச்சுவேஷன்' பாட்டில் ரெண்டு பேர் பெயரும் இருக்கு.

2008-ல் ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்து மேடை ஏறினாங்க. மேடைக் கச்சேரி வருமானம் மூணாவது வகை; டிக்கெட், ஸ்பான்சர், செலவுக் கழிவுன்னு அது தனிக் கணக்கு. அதை அடுத்த வீடியோவில் போர்டில் போட்டுக் காட்டுறேன்.